தொகுஷிமாவின் நீலத்தாழி

ஜப்பானுக்குப் போகிற நண்பர்கள் எங்கே போகலாம் என்று கேட்டால் நான் தொகுஷிமாவைச் சொல்கிறேன். தோக்கியோவையும் கியோத்தோவையும் அவர்களே எப்படியும் பார்த்துவிடுவார்கள். தொகுஷிமா என்ற பெயரே பலருக்குப் புதிது. ஷிகோகு தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஒசாகாவில் பேருந்து ஏறினால், 1998இல் திறந்த அகாஷி தொங்குபாலத்தைக் கடந்து, அவாஜி தீவின் நீளம் முழுக்க ஓடி, நருத்தோ நீர்ச்சுழிகளுக்கு மேலே இன்னொரு பாலம் ஏறி இறங்கி ஊர் வந்துவிடலாம். ஆகஸ்டில் நடக்கும் ஆவா நடனத் திருவிழாவுக்குத்தான் பெருங்கூட்டம் வரும். நான் போனது நீலச் சாயத்துக்காக.

ஜப்பானில் கைத்தொழில் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் போய் முன்கவசத் துணி கட்டிக்கொண்டு ஏதோ ஒன்றைச் செய்து, மதியம் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். களிமண், காகிதம், வாள், இனிப்பு என்று எல்லாவற்றுக்கும் உண்டு. இவற்றைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. பட்டறையில் நம் கைக்கு வருவது ஒரு நீண்ட வேலையின் கடைசிப் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தை நன்றாகச் செய்யவைத்து, அதற்குப் பின்னால் கிடக்கும் ஒரு வருட உழைப்பையும் நம் கண்ணுக்குக் காட்டிவிடும் பட்டறை நல்ல பட்டறை. மற்றதெல்லாம் கடைச்சரக்கு வாங்குவதைச் சற்று நீட்டிச் செய்வதுதான். தொகுஷிமாவில் எனக்குக் கிடைத்தது முதல் வகை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இந்த ஊர்? தொகுஷிமாவின் பழைய பெயர் ஆவா. அதன் நடுவே யோஷினோ ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக் கடலில் விழுகிறது. கரை கட்டி அடக்குவதற்கு முந்தைய காலத்தில் அந்த ஆறு ஆண்டுதோறும் ஊருக்குள் புகுந்துவிடும். சூறாவளி வரும் மாதங்களும் நெல் முற்றும் மாதங்களும் ஒன்றே என்பதால் அந்தச் சமவெளியில் நெல்லை நம்பி வாழ முடியாது. நீலச்செடியோ கோடையிலேயே அறுவடை ஆகிவிடும். வெள்ளம் வருவதற்குள் இலை வீட்டுக்குள் வந்துவிடும், வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல் அடுத்த பயிருக்கு உரமாகும். நிலத்தின் சத்தைக் கடுமையாக உறிஞ்சும் பயிர் இது. வண்டல் மட்டும் போதாமல், காய்ந்த மத்தி மீனையும், வடக்கே ஹொக்கைதோவிலிருந்து கப்பலில் வந்த ஹெர்ரிங் மீனையும் வாங்கி வயலில் போட்டிருக்கிறார்கள். 1585இல் இங்கே வந்து அமர்ந்த ஹாச்சிசுகா பிரபுக்கள் இந்தப் பயிரைப் பேணி வளர்த்தார்கள், அதன் வருமானத்தில் அவர்களும் வளர்ந்தார்கள்.

யோஷினோ ஆற்றின் வடகரையில் ஐசுமி என்ற சிற்றூர். ஒகுமுரா என்ற நீல வணிகக் குடும்பத்தின் பழைய மாளிகை அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் கட்டடங்கள். பார்த்தவுடன் பணக்காரர் வீடு என்று தோன்றும். உள்ளே நடந்தால்தான் இது வீடும் தொழிற்சாலையும் சேர்ந்தது என்று புரியும். முற்றம் அழகுக்காக விட்டதில்லை, இலை காயவைக்கும் களம். சாயம் தோய்க்கப் போகிறவர்கள் இந்த மாளிகையைப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது. மேற்கே இன்னும் உள்ளே போனால் வாக்கிமாச்சி என்ற ஊரில் நீல வணிகர்களின் தெருவே அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் பரவாமலிருக்க மாடிச்சுவரை நீட்டிக் கட்டுவது அந்தக் காலத்து வழக்கம். செலவு பிடிக்கும் வேலை என்பதால் நாளடைவில் அதுவே செல்வத்தின் அடையாளமாகிவிட்டது.

இனி செடி. இது நம் ஊர் அவுரி இல்லை. அவுரி பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானியர் பயிரிடுவது தாதே-ஐ என்கிற, சிவந்த தண்டும் இளஞ்சிவப்புப் பூங்கொத்தும் கொண்ட வேறொரு செடி, ஈர நிலத்தில் முளைக்கும் ஆற்றலரி இனம். உறவே இல்லாத இந்த இரண்டு செடிகளும் இலைக்குள் ஒரே பொருளை வைத்திருக்கின்றன. இந்திக்கான் என்ற நிறமற்ற சேர்மம் அது. இலை காயப்படும்போது அது உடைந்து, காற்றுப் பட்டதும் நீலமாகிறது. பட்டறைத் தோட்டத்தில் ஓர் இலையைக் கிள்ளி விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் பச்சைச் சாறுதான். பேசிக்கொண்டே நடந்துவிட்டு அப்புறம் பார்த்தால் கிழிந்த ஓரத்தில் மங்கலாக நீலம் தெரிந்தது.

இலையிலிருந்து நீலத்தை எடுக்க நம்மவர்கள் கண்ட வழி வேறு. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரியை வெட்டித் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரை அடித்துக் கலக்கிக் காற்றேற்றி, அடியில் படியும் நீலத்தை வழித்துக் காயவைத்துக் கட்டிகளாக வெட்டுகிறார்கள். ஜப்பானியர் இலையையே மக்க வைக்கிறார்கள். அந்த மக்கிய இலைக்குச் சுகுமோ என்று பெயர். தொகுஷிமாவின் பெருமை எல்லாம் இந்தச் சுகுமோவில்தான் இருக்கிறது. எடோ காலத்தில் (1603–1868) இங்கிருந்து வைக்கோல் மூட்டைகளில் கட்டி நாடெங்கும் அனுப்பினார்கள்.

சுகுமோ செய்யும் முறையைக் கேட்கக் கேட்க எனக்குள் ஒரு மரியாதை வளர்ந்துகொண்டே போனது. மார்ச்சில் விதைப்பு. நாற்று வளர்ந்ததும் வயலில் நடவு. கோடை உச்சியில் முதல் அறுப்பு. அறுத்த செடியை அன்றைக்கே பொடியாக நறுக்கி, வெயிலில் பரப்பி, காற்றடித்துத் தண்டைப் பிரித்து இலையை மட்டும் சேர்ப்பார்கள். மழை வந்தால் அன்றைய இலை போச்சு. செப்டம்பரில், மண்தரை கொண்ட தனிக்கட்டடத்தில் அந்தக் காய்ந்த இலையைக் குவித்துத் தண்ணீர் தெளிப்பார்கள். கிட்டத்தட்ட ஐந்து நாளுக்கு ஒருமுறை குவியலை முழுக்கப் புரட்டி மறுபடி தண்ணீர் தெளிக்க வேண்டும். குவியலுக்குள் சூடு 60, 70 பாகை வரை ஏறும். அம்மோனியா நெடியில் கண் எரியும். குளிர் கூடியதும் வைக்கோல் பாய்களால் போர்த்திவிடுவார்கள். இப்படி ஏறக்குறைய 100 நாள். டிசம்பரில் குவியல் கருத்த மண்ணாக மாறியிருக்கும்.

எவ்வளவு தண்ணீர், எப்போது என்பதுதான் இதில் முழு வித்தை. கூடினால் அழுகும், குறைந்தால் மக்காது. பழைய காலத்தில் தண்ணீர் தெளிப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். வீடு வீடாகப் போய் குவியலைத் தொட்டு, முகர்ந்து, இன்றைக்கு இவ்வளவு என்று முடிவு சொல்வது அவர் வேலை. பயிரிட்டது ஒருவர், மக்கவைத்தது இன்னொருவர், தோய்ப்பது மூன்றாமவர் என்று இருந்த தொழிலில், தண்ணீருக்கே ஒரு தொழிலாளி! ஒரு குவியல் ஈரமண்ணைப் புரிந்துகொள்வதற்கு ஒருவர் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டேதான் நான் சாயக்கூடத்துக்குள் நுழைந்தேன்.

உள்ளே முதலில் வரவேற்றது வாசனை. மாட்டுத்தொழுவமும் ஈர வைக்கோலும் கலந்த மாதிரி. சிலர் மூக்கைப் பொத்துவார்களாம். எனக்குப் பிடித்திருந்தது. தரையில் பதித்த மண்தாழிகள், நான்கு நான்காக. நான்கு தாழிக்கு நடுவில் ஒரு குழி இருக்கிறது. குளிர்காலத்தில் அதில் உமியோ மரத்தூளோ போட்டுக் கனல வைத்தால் நான்கும் ஒரே சீராகச் சூடாகும். சுவரில் ஒரு மாடத்தில் சிவந்த மேனியும் ஆறு கைகளுமாக ஐசென் மியோஓவின் படம். வடமொழியில் ராகராஜா என்று அழைக்கப்படும் பௌத்தத் தெய்வம், ஜப்பானியச் சாயக்காரர்களின் காவல் தெய்வம். புதுத்தாழி தொடங்கும்போது அவருக்குச் சாகே என்ற அரிசி மது படைப்பார்களாம்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐம்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி. நகங்கள் எல்லாம் கருநீலம். அதைத் தேய்த்துப் போக்குவதில்லையா என்று எங்களில் ஒரு சிறுமி கேட்டதற்கு, “இது போனால் நான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்” என்று சிரித்தார். தாழியைப் பற்றி அவர் பேசியது, வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருந்தது. இது இன்றைக்கு நன்றாக இருக்கிறது. அது நேற்று அதிகம் வேலை செய்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். கடைசியில் இருப்பது வயதானது, வெளிர்நிறத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

இப்படிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தாழிக்குள் இருப்பது உயிருள்ள ஒன்று. சுகுமோவை மரச்சாம்பலிலிருந்து வடித்த காரநீரில் கரைத்து, சுண்ணாம்பும் கோதுமைத் தவிடும் சேர்ப்பார்கள். கொஞ்சம் சாகேவும் ஊற்றுவதுண்டு. தவிடும் சாகேவும் நுண்ணுயிர்களுக்கு உணவு. நீலம் என்பது தண்ணீரில் கரையாத பொருள். கரையாத ஒன்று நூலுக்குள் எப்படிப் போகும்? தாழியில் வாழும் நுண்ணுயிர்கள் அதன் ஆக்சிஜனேற்றத்தைத் திருப்பி, கார நீரில் கரையும் மஞ்சள் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அதற்குச் சாதாரண நுண்ணுயிர்கள் போதாது. மற்றவை பிழைக்காத கடும் காரத்தில் வாழப் பழகியவை வேண்டும். காரம் குறைந்தால் வேறு கிருமிகள் புகுந்து தாழி கெட்டுவிடும். அதனால் தினமும் கிளறி, பார்த்து, முகர்ந்து, தேவைப்பட்டால் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இப்போது காரத்தை அளக்கக் கருவிகள் உண்டு. பழைய ஆட்கள் நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம்.

இங்கே நான் நம் ஊர்த் தாழியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தென்னிந்தியச் சாயக்காரர்களும் சுண்ணாம்பில்தான் தாழி வைத்தார்கள். தவிட்டுக்குப் பதிலாகத் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்தார்கள். சாலையோரம் களையாகக் கிடக்கும் அதே தகரைதான். இரண்டு ஊர்க்காரர்களும் நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே, வெவ்வேறு செடியையும் வெவ்வேறு தீனியையும் வைத்துக்கொண்டு ஒரே வேலையைச் செய்யும் உயிர்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஆளுக்கு ஒரு வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை. எதையும் கட்டாமல் முக்கினால் முழுநீலம். சில இடங்களை இறுக்கி, சாயம் புகாமல் தடுத்தால் அங்கே வெள்ளை நிற்கும். இதற்குத்தான் ஷிபோரி என்று பெயர். நான் எடுத்துக்கொண்டது செக்கா என்ற மடிப்பு. துணியை முதலில் நீளவாக்கில் விசிறி போல மடிக்க வேண்டும். அந்த நாடாவை முக்கோணம் முக்கோணமாக, ஒருமுறை முன்னால் ஒருமுறை பின்னால் என்று மடித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் கையில் ஒரு தடித்த முக்கோணம் மிஞ்சும். அதன் இரு பக்கமும் மரப்பலகை வைத்துக் கட்டி, ஓரங்களை மட்டும் சாயத்தில் காட்ட வேண்டும். பிரித்தால் பனிப்படிகம் போல ஆறுகோணப் பூக்கள் வரிசை வரிசையாக வரும். மடிப்பின் வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் சாயம் ஒரே அளவாகச் சேர வேண்டும் என்றால் மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். பெண்மணி ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்திக் கோடு போட்டுக் காட்டினார். அவசரப்பட்டவர்களின் துணியை அவர் ஒன்றும் சொல்லாமல் பிரித்து மறுபடி கையில் கொடுத்தார்.

மடித்ததைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் தாழிக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ந்த துணியில் காற்று இருக்கும். தாழிக்கு ஆகாத ஒன்று காற்று.

தாழியின் மேலே நுரை மிதக்கிறது. ஓரம் செம்புநிறமாக மின்னும் கருநீல நுரை. சாயக்காரர்கள் அதை நீலத்தின் பூ என்கிறார்கள். நுரை தளதளவென்று இருந்தால் தாழி நலமாக இருக்கிறது என்று பொருள். அந்தப் பூவை ஒரு பக்கம் மெல்ல ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கீழே நீலம் இல்லை. தேநீர் வடித்த மாதிரி பழுப்பு மஞ்சள் நீர். கையுறை போட்ட கையைத் துணியோடு உள்ளே விட்டேன். உடல் சூட்டைவிடச் சற்றுக் குறைந்த வெதுவெதுப்பு. வழவழவென்று இருந்தது, காரநீரின் வழவழப்பு அது.

“குமிழ் வராமல் உள்ளேயே வையுங்கள். உள்ளே வைத்தே அழுத்துங்கள். மடிப்புக்குள் போக நேரம் கொடுங்கள். அடியில் கைவிட வேண்டாம், அங்கே சுகுமோ தூங்குகிறது.”

சொன்ன நேரம் ஆனதும் நீருக்குள்ளேயே பிழிந்து, சட்டென்று வெளியே எடுத்தேன். துணி பச்சையாக இருந்தது. வாழை இலைக்குருத்தின் பச்சை. ஓரிரு மூச்சு விடுவதற்குள் மேல் விளிம்பிலிருந்து பச்சை மங்கி, நீலம் கீழ்நோக்கி இறங்கியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குரல் எழுப்பினார்கள், சொல்லிக்கொடுத்த பெண்மணியும் சேர்த்து. எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பார்! துணி காற்றில் இருக்கும்போது, நூலுக்குள் புகுந்த மஞ்சள் பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடி கரையாத நீலமாகிறது. கரைந்த நிலையில் உள்ளே போய், கரையாத நிலையில் உள்ளேயே மாட்டிக்கொள்வதால்தான் இந்த நிறம் தண்ணீரில் போவதில்லை. பாடப்புத்தகத்தில் இதை ஒரு சமன்பாடாக நான் படித்திருக்கிறேன். ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் சாயக்காரர் காற்றையும் ஒரு சாயப்பொருளாகக் கணக்கில் வைத்தே வேலை செய்கிறார் என்பது விளங்கியது.

ஒருமுறை முக்கினால் வரும் நீலம் மிக மெல்லியது. அடர்த்தி வேண்டுமென்றால் முக்கி, காற்றாட்டி, மறுபடி முக்க வேண்டும். அதிக நேரம் ஊறவைத்து ஆழமான நிறம் வாங்கிவிட முடியாது. படலம் படலமாக ஏற்றினால்தான் நிற்கும். மெல்லிய நீரின் நிறத்திலிருந்து கிட்டத்தட்ட கறுப்பு வரை ஒவ்வொரு படிக்கும் ஜப்பானில் தனிப்பெயர் உண்டு. கடைசிப் படியைப் போர்வீரர்கள் கவசத்துக்கு அடியில் உடுத்தினார்கள். பட்டுக்கும் பகட்டான நிறங்களுக்கும் அரசு தடை போட்டிருந்த எடோ காலத்தில், சாதாரண மக்களுக்கு மிஞ்சிய துணி பருத்தி, மிஞ்சிய நிறங்களில் முதன்மையானது நீலம். பருத்தி மற்ற இயற்கைச் சாயங்களைச் சுலபமாக ஏற்காது, நீலத்தை ஏற்கும். உழவரின் காற்சட்டை, கடைவாசல் திரை, குழந்தையைக் கட்டும் துணி, தீயணைப்போரின் பல அடுக்குத் தையல் மேலங்கி என்று எல்லாம் நீலமானது. 1874இல் ஜப்பானுக்கு வந்த ஆங்கில வேதியியலாளர் ராபர்ட் வில்லியம் அட்கின்சன் எங்கு பார்த்தாலும் நீல உடையாக இருப்பதைக் கண்டு அதற்கு ஜப்பான் நீலம் என்று பெயர் வைத்தார். 2020 தோக்கியோ ஒலிம்பிக் சின்னம் நீலக் கட்டங்களாக வந்ததற்கும் இந்தப் பழக்கம்தான் வேர்.

ஷிபோரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாகோயா நகரின் ஓரத்தில் அரிமாட்சு என்ற ஊர். எடோவையும் (இன்றைய தோக்கியோ) கியோத்தோவையும் இணைத்த தோகைதோ நெடுஞ்சாலையில், நருமி என்ற தங்கல் ஊருக்குப் பக்கத்தில், 1608இல் சில குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். நிலம் விவசாயத்துக்கு உதவாது. அந்தச் சமயத்தில் நாகோயாக் கோட்டை கட்டும் வேலைக்காகத் தெற்கே கியூஷுவிலிருந்து வந்த ஆட்கள் முடிச்சுச் சாயத்துணி வைத்திருந்தார்கள் என்றும், அதைப் பார்த்துத்தான் தாகேதா ஷோகுரோ என்பவர் இந்தத் தொழிலைத் தொடங்கினார் என்றும் ஊர் வரலாறு சொல்கிறது. சாலையில் போகும் பயணிகள் கைத்துண்டு வாங்கிப்போனார்கள். ஓவியர் ஹிரோஷிகே வரைந்த தோகைதோ அச்சுப்படங்களில் நருமிக்கு அவர் தேர்ந்தெடுத்த காட்சியே இந்தத் துணிக்கடைகள்தான். 100க்கு மேற்பட்ட முறைகள் இந்த ஊரில் உருவாயின. பெரும்பாலும் ஒருவர் ஒரு முறையைத்தான் கற்று வாழ்நாள் முழுக்க அதையே கட்டுவார். நான் மடித்த செக்காவும் அந்த ஊர்ச் சரக்குதான். இன்று கோடைக் கிமோனோவுக்கு விரும்பி வாங்கும் அந்தப் பனிப்பூ வடிவம் ஒரு காலத்தில் குழந்தைகளின் அரைத்துணிக்குப் போட்டதாம். இதைக் கேட்டபோது எனக்கு நிறைவாக இருந்தது. நாளெல்லாம் அலசிப் பிழிய வேண்டிய துணிக்கும் ஒரு அழகு வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அந்த முறைகளில் கானோகோ என்பது மிகச் சிறிய முடிச்சு. துணியை நுனிவிரலால் கிள்ளி நூல் சுற்றி இறுக்கினால், பிரிக்கும்போது நடுவில் பொட்டு வைத்த சிறு சதுரம் கிடைக்கும். உடல் முழுக்க இப்படி முடிச்சுப்போட்ட பட்டுக் கிமோனோ அத்தனை விலை என்பதால் 1683இல் அரசே அதை ஆடம்பரம் என்று தடை செய்தது. மதுரைச் சுங்குடி தெரிந்தவர்களுக்கு இந்த முடிச்சைப் பார்த்தவுடன் கை பரபரக்கும். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் நகநுனியால் துணியை எடுத்து நூல் சுற்றும் அதே அசைவு. சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் சுங்குடி என்று விற்பதில் கைமுடிச்சு எது, அச்சு எது என்று கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. அரிமாட்சுவில் முடிச்சின் மேடு துணியில் அப்படியே நிற்கும்படி, நீவாமல் விற்கிறார்கள். கை வேலைக்கு அதுவே சாட்சி. நாமும் அப்படிச் செய்யலாம்.

இனி வருத்தமான பகுதி. துறைமுகங்கள் திறந்த பிறகு, 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் இந்திய நீலம் ஜப்பானுக்குள் வந்தது. கட்டியாக வரும் அவுரி நீலத்தில் சாயப்பொருள் செறிவு அதிகம், விலையும் குறைவு. சுகுமோ மூட்டைகளோடு அது போட்டியிட்டது. அந்த அவுரி எப்படி விளைந்தது என்று நமக்குத் தெரியும். வங்காளத்து உழவர்களின் வயிற்றில் அடித்து வந்த மலிவு அது, அவர்கள் 1859இல் கிளர்ந்தெழும் அளவுக்கு. அதே மலிவு கடல் தாண்டிப் போய் தொகுஷிமாவின் உழவரையும் நெருக்கியது. இருந்தும் 1903 வாக்கில் தொகுஷிமாவில் சுமார் 15,000 ஹெக்டேரில் பயிர் இருந்தது, அதுதான் உச்சம். ஆனால் 1897இலேயே ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. அது இந்திய அவுரியையும் ஜப்பானியச் சுகுமோவையும் ஒருசேர வீழ்த்தியது.

இரண்டாம் உலகப்போரில், உணவுப்பயிர் அல்ல என்று நீலச்செடிக்குத் தடை வந்தது. இது ஓராண்டுச் செடி. விதை அதிக காலம் உயிரோடு இருக்காது. சில ஆண்டு விதைக்காமல் விட்டால் அந்த வகையே போய்விடும். ஒரு சுகுமோக் குடும்பம், யார் கண்ணிலும் படாத மலைப்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து, விதை எடுத்து, மறுபடி விதைத்துக் காப்பாற்றியது. பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கலக்கமாக இருக்கிறது. 1960களின் நடுவில் மொத்தச் சாகுபடியும் நான்கைந்து ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது. 1978இல் அரசு ஆவா நீலத் தயாரிப்பைப் பாதுகாக்க வேண்டிய கலையறிவு என்று தேர்ந்தெடுத்தது. இன்றைக்குச் சுகுமோ செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களோடு சில இளைஞர்களும் வெளியூரிலிருந்து வந்து வயல் எடுத்து, விதைப்பு முதல் தோய்ப்பு வரை தாங்களே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

அதனால்தான் பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள் என்கிறேன். தாழியில் இருப்பது சுகுமோவை நொதிக்கவைத்த நீரா, அல்லது தூளைக் கரைத்து ஹைட்ரோசல்ஃபைட் என்ற வேதிப்பொருளால் சாயத்தைக் கரையவைத்த நீரா? இரண்டிலும் துணி பச்சையாக வெளிவந்து நீலமாகும். இரண்டிலும் கைக்குட்டை கிடைக்கும். வேதிமுறை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக் குழந்தைகள் கூட்டமாக வரும் இடத்தில் நொதித்தாழி தாங்காது. ஒரு நாளில் இவ்வளவு துணிதான் அதற்கு முடியும், அப்புறம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஆனால் எந்த முறை என்று பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். நுரை, தொழுவ வாசனை, “இன்றைக்கு இந்தத் தாழியைத் தொட வேண்டாம்” என்ற பேச்சு, இந்த மூன்றும் இருந்தால் நம்பிப் போகலாம். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். சுகுமோத் தாழி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், பதில் நீளமாக வரும்.

போவதற்குச் சரியான காலம் எது என்றால், வயலைப் பார்க்க ஜூன், ஜூலை. மக்கும் குவியலைப் பார்க்க அக்டோபர், நவம்பர். பல இடங்களில் முன்பதிவு வேண்டும். நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். பழைய பருத்தித்துணியோ கைத்தறித் துண்டோ இருந்தால் கையோடு எடுத்துப்போய் அதைத் தோய்க்க முடியுமா என்று கேளுங்கள், சில பட்டறைகளில் எடைக்குக் காசு வாங்கிக்கொண்டு சம்மதிப்பார்கள். செயற்கை இழை கலந்த துணியில் நீலம் சரியாகப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்ததும் துணியை நன்றாக அலசுங்கள். முதலில் மஞ்சளாக ஒரு கசிவு வரும், அது இலையிலிருந்து வந்த அழுக்கு, நீலம் இல்லை. அது போகப் போகத்தான் நிறம் தெளியும். சில வாரங்கள் மடித்து வைத்துவிட்டு மறுபடி அலசினால் இன்னும் தெளியும். முதல் சில தடவை வெள்ளைத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள், நிழலில் காயப்போடுங்கள். வெளுப்பான் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.